‘எதிர்ச்சிக்மாத் தாவல்’: உலோக–உலோகப் பிணைப்பின் பட்டைக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா.

உலோக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த சேர்மங்கள் ஒளியை உறிஞ்சும்போது நிறமாலையில் தெரியும் பட்டைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு நீங்கள் சொன்ன ‘ஈருலோகப் பட்டை’ சுருக்கமானதுதான். ஆனால் சூடேறினால் வளையும் இரட்டைத் தகட்டுக்குப் பள்ளி இயற்பியலில் அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டு. பொருளும் பிசகுகிறது. டைமாங்கனீசு டெக்காகார்பனைலில் இருப்பவை ஒரே உலோகத்தின் இரண்டு அணுக்கள். மூன்று ருதீனியம் அணுக்கள் முக்கோணமாகப் பிணைந்த கார்பனைலுக்கு (உலோகத்தோடு கார்பன் மோனாக்சைடு இணைந்த சேர்மம்) ‘ஈர்’ அறவே பொருந்தாது. ‘உலோகப் பிணைப்புப் பட்டை’யும் வேண்டாம், அது செம்புக் கம்பிக்குள் இருக்கும் பிணைப்பு.

‘மின்னணு நிறமாலை’ என்றால் ஏதோ கருவியின் பெயர்போல ஒலிக்கிறது. ‘எலக்ட்ரான் உறிஞ்சல் நிறமாலை’ போதும். எலக்ட்ரான் ஆற்றல்மட்டம் மாறுவதை ‘இடைநிலை’ என்று எழுதாதீர்கள். இடைநிலை உலோகத்தோடு குழம்பும். ‘தாவல்’ என்போம்.

மாங்கனீசுச் சேர்மத்தில் 343 நானோமீட்டர் அருகே வலுவான பட்டை ஒன்று உண்டு. ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்று காட்டும் மோலார் உறிஞ்சல் கெழு 30,000 அளவில். உலோக அணுக்களைக் கட்டிவைக்கும் பிணைப்புச் சிக்மா மட்டத்திலிருந்து, அந்தக் கட்டைத் தளர்த்தும் எதிர்பிணைப்புச் சிக்மா மட்டத்துக்கு எலக்ட்ரான் தாவுவதால் வருவது. 400 அருகே தோள்போலத் தெரியும் வலுக்குறைந்த பட்டையில் உலோகத்தின் பை மட்டத்து எலக்ட்ரான் அதே எதிர்பிணைப்பு மட்டத்துக்குத் தாவுகிறது. என் பரிந்துரை: ‘சிக்மா–எதிர்ச்சிக்மாத் தாவல்’, ‘பை–எதிர்ச்சிக்மாத் தாவல்’. போய்ச் சேரும் இடம் ஒன்று என்பதைப் பெயரே காட்டும். எந்தத் தாவலானாலும் உலோக–உலோகப் பிணைப்பு தளர்ந்து, உலோகத்தைச் சுற்றி 17 இணைதிறன் எலக்ட்ரான் கொண்ட இரு துண்டுகளாகப் பிளக்கக்கூடும் என்பதும் அதிலிருந்தே புரியும்.

செய்முறைக் குறிப்பில் இந்தச் சொற்கள் நிற்கின்றனவா என்று பார்த்தேன்:

“11.7 மில்லிகிராம் சேர்மத்தைக் காற்று நீக்கிய சைக்ளோஹெக்சேனில் கரைத்து 10 மில்லிலிட்டராக்குக. அதை நூறு மடங்கு நீர்க்கச் செய்தால், 1 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் செல்லில் சிக்மா–எதிர்ச்சிக்மாப் பட்டையின் உறிஞ்சல் ஏறத்தாழ 1 வரும். குடுவையை அலுமினியத் தாளால் மூடுக. அறை வெளிச்சமே பிணைப்பைப் பிளக்கும். கார்பன் டெட்ராகுளோரைடைக் கரைப்பானாக்க வேண்டாம்: பிளந்த துண்டுகள் அதிலிருந்து குளோரினைப் பறித்துக்கொள்ளும், 343 முகடு தாழும்.”

இன்னொன்று: பல நிறமாலைக் கருவிகளில் புறஊதாவுக்கான டியூட்டீரியம் விளக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான டங்ஸ்டன் விளக்குக்கு மாறுவது 340–350க்குள்தான். முகட்டின் மேலேயே சிறு படி தெரிந்தால், விளக்கு மாறும் இடத்தை 320 அருகே தள்ளி மறுபடி பதிவுசெய்ய வேண்டும். படியும் கூடவே நகர்ந்தால் அது சேர்மத்துடையது அன்று.

*

ஐயா, ‘தாவல்’ எனக்குச் சம்மதம். ‘எதிர்ச்சிக்மா’வில் வல்லினம் மிகும்போது ‘எதிர்பிணைப்பு’ மட்டும் மிகாமல் நிற்கலாமா?

*

நிற்கட்டும் தம்பி. ‘எதிர்ச்சொல்’, ‘எதிர்க்கட்சி’போல ‘எதிர்ச்சிக்மா’ இயல்பாக வருகிறது. ‘எதிர்ப்பிணைப்பு’ என்று எழுதினால் ‘எதிர்ப்பு + இணைப்பு’ என்று பிரித்துப் படிப்பார்கள். பாடநூல்களிலும் மிகாத வடிவமே பழகியிருக்கிறது.