சப்ட்ரீ புல்: கண்ணெதிரே இருக்கும் கோப்புறையைச் 'சேர்க்கவே இல்லை' என்கிறது

கேள்வி:
தேதி, தொகை ஆகியவற்றை வடிவமைக்கும் பொது லைப்ரரி ஒன்று எங்களிடம் தனி கிட் ரெபோவாக (கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் களஞ்சியம்) இருக்கிறது. பிப்ரவரியில், ஒரு ரெபோவை இன்னொன்றின் கோப்புறையாகச் சேர்க்கும் 'கிட் சப்ட்ரீ ஆட் --ஸ்குவாஷ்' கட்டளையைக் கொடுத்து அதை 'லிப்/பொது' கோப்புறைக்குள் கொண்டுவந்தேன். நேற்று புதிய பதிப்புக்காக 'புல்' கொடுத்தால், "கேன்ட் ஸ்குவாஷ்-மெர்ஜ்: 'லிப்/பொது' வாஸ் நெவர் ஆடட்" என்று நின்றுவிடுகிறது. சரி, மறுபடி 'ஆட்' கொடுத்தால் "ஏற்கெனவே இருக்கிறது" என்கிறது! உள்ளே இரண்டு கோப்புகளை நாங்கள் திருத்தியிருக்கிறோம். அவை தொலைந்துவிடக் கூடாது.

பதில் 1:
சப்மாட்யூலுக்கு (லைப்ரரியின் கோப்புகளைச் சேர்க்காமல், அதன் ரெபோவைச் சுட்டி மட்டும் வைக்கும் முறை) மாறிவிடுங்கள், தலைவலி விட்டது.

பதில் 2:
அதில் வேறு தலைவலி வரும். குளோன் செய்யும்போது '--ரிகர்ஸ்-சப்மாட்யூல்ஸ்' போட மறந்தவருக்கு வெறும் கோப்புறைதான் கிடைக்கும்.

கேட்டவருக்கு: 'ஆட்' கோப்புறையைப் பார்க்கிறது, 'புல்' கமிட் செய்திகளை (ஒவ்வொரு மாற்றப் பதிவோடும் இருக்கும் குறிப்புகளை) துழாவுகிறது. முதலில் சேர்த்தபோது உருவான கமிட்டின் அடியில் 'கிட்-சப்ட்ரீ-டிர்', 'கிட்-சப்ட்ரீ-ஸ்ப்ளிட்' என்று இரண்டு வரிகள் இருந்திருக்கும். முதன்மைக் கிளையில் 'கிட் லாக் --கிரெப்=கிட்-சப்ட்ரீ-டிர்' ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
ஒன்றுமே வரவில்லை. என் பழைய கிளையில் மட்டும் வருகிறது.

பதில் 2:
அப்படியென்றால் அந்தக் கிளையை முதன்மையில் சேர்த்தவர், கிளையின் கமிட்டுகளை எல்லாம் ஒன்றாக்கும் 'ஸ்குவாஷ் அண்ட் மெர்ஜ்' பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

கேட்டவர்:
அழுத்தியவன் நான்தான். இரண்டும் ஸ்குவாஷ்தானே என்று நினைத்துவிட்டேன்.

பதில் 2:
பெயர்தான் ஒன்று. சப்ட்ரீயின் ஸ்குவாஷ் லைப்ரரியின் வரலாற்றை ஒரே கமிட்டாகச் சுருக்கி, அதை மெர்ஜ் மூலம் இணைக்கும். பொத்தான் அந்த மெர்ஜையே தட்டையாக்கிவிட்டது; 'புல்' தேடும் இரண்டு வரிகளும் அதோடு போய்விட்டன.

பழைய கிளையின் 'ஸ்ப்ளிட்' வரியில் உள்ள கமிட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதன்மையிலிருந்து புதுக் கிளை எடுத்து, இப்போதைய நிலைக்கு 'காப்பு' என்று டேக் வையுங்கள். 'கிட் ஆர்எம் -ஆர் லிப்/பொது' கொடுத்து கமிட் செய்யுங்கள். லைப்ரரி ரெபோவை ஃபெட்ச் செய்து, குறித்த எண்ணையே கொடுத்து 'ஆட் --ஸ்குவாஷ்' செய்யுங்கள். அவசரப்பட்டுப் புதிய பதிப்பைச் சேர்த்தால் உங்கள் திருத்தங்களை ஒப்பிட அடிப்படை இருக்காது. பிறகு 'கிட் செக்அவுட் காப்பு -- லிப்/பொது', மீண்டும் கமிட். இப்போது 'புல் --ஸ்குவாஷ்' ஓடும்.

கேட்டவர்:
ஓடிவிட்டது. ஒரே ஒரு கோப்பில் மோதல், அதுவும் நாங்கள் திருத்திய வரியில்தான். முதன்மையில் சேர்க்கும் முன் ரீபேஸ் (என் கமிட்டுகளை முதன்மையின் நுனியில் மறுபடி அடுக்குவது) செய்யலாமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம்! சாதாரண ரீபேஸ் மெர்ஜ்களைத் தூக்கி எறிந்துவிடும். லைப்ரரிக் கோப்புகள் ரெபோவின் வேரிலேயே வந்து விழும். மெர்ஜ் கமிட்டாகவே சேருங்கள். டேக்கை அதற்குப் பிறகு அழிக்கலாம்.