முகாமில் வராத நித்திரை: இருவரின் அனுபவங்கள்

இலங்கையின் பதுளை மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை:

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே மண்மேட்டில் வெடிப்பு விழுந்ததால், பாடசாலை மண்டபத்துக்கு இடம்பெயர்ந்தோம். உதவ வந்தவர்கள் அரிசி, பால்மா, போர்வை பற்றியே கேட்டார்கள். நித்திரையைப் பற்றிக் கேட்டவர் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்தான். "ராத்திரி தூங்குறீங்களா அக்கா?" என்ற கேள்விக்கு, அதுவரை "ஒண்ணுமில்லம்மா" என்று ஒதுங்கியிருந்த கொழுந்தெடுக்கும் பெண்ணொருவர், தகரத்தில் மழை விழுந்தாலே எழுந்து பிள்ளைகளைத் தொட்டுப் பார்ப்பதாகவும், பிறகு விடியும்வரை உட்கார்ந்திருப்பதாகவும் சொல்லி அழுதார். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவில் உறவினரைப் பறிகொடுத்தவர் அவர்.

பயம் தணிந்தால் நித்திரை தானாக வரும் என்று பெரியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நித்திரை கெட்டால் மூளையில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி மிகையாகத் தூண்டப்பட்டு, அதை அடக்கும் நெற்றிப்புற மூளைப்பகுதியின் பிடி தளர்வதால், பகலில் சிறு சத்தமும் பேரச்சமாகிறது; அந்த அச்சமே அடுத்த இரவையும் கெடுக்கிறது.

எங்களுக்கு உதவியது ஒரு காவல் முறை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வருகிறதா என்று தொலைபேசியைப் பார்த்தபடி இளைஞர்கள் முறைவைத்து விழித்திருந்தார்கள். மண்டபத்தின் ஒரு பாதியில் விளக்கை அணைத்தோம். மழையைக் கவனிக்க வேறோர் ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகே அந்த அக்கா கண்ணயர்ந்தார். "தைரியமாக இருங்கள்" என்ற அறிவுரைகளைவிட (அவற்றுக்குப் பஞ்சமே இல்லை) இது பயன்பட்டது.

ஹட்டன் பக்கத்திலிருந்து மற்றொருவர்:

எங்கள் முகாமில் நித்திரை வராததற்கு ஆண்கள் கண்ட மருந்து கசிப்பு என்ற கள்ளச்சாராயம். மது கண்ணை விரைவாக மூடச் செய்தாலும் பின்னிரவு நித்திரையை உடைத்துவிடும் என்பதை என் சித்தப்பாவிடம் கண்டேன். நடுச்சாமத்தில் எழுந்து, வாழ்ந்து என்ன பயன் என்று புலம்பத் தொடங்கினார். புலம்பல்தானே என்று விடாமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசினோம். வாரத்தில் 3 இரவுகளாவது நித்திரை கெட்டு அது 3 மாதங்கள் நீடித்தால் நாட்பட்ட நித்திரையின்மை என்பதும், அதற்கு முதற்சிகிச்சை மாத்திரையன்று, படுக்கைப் பழக்கத்தையும் எண்ணங்களையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையே என்பதும் பிறகு வைத்தியசாலையில் தெரிந்தது. சித்தப்பா இன்னும் மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறார். அந்தியில் குடிக்கும் சாயத்தண்ணியை (பால் சேர்க்காத தேநீரை) மட்டும் விட மறுக்கிறார்.