மீனை வேகவைத்து நீரைக் கொட்டினால் சீசியம் போகுமா?

நெய்தல்: 2011-ல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமா பக்கத்து மீன் என்றதும் ஏன் இந்தப் பதற்றம்? மீன் தசையில் இருக்கும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் நீரில் கரையக்கூடியது. சிறு துண்டுகளாக நறுக்கி உப்பு நீரில் ஊறவைத்து, கொதிக்கவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டால் கணிசமான பங்கு போய்விடும்.

அளவுகோல்: போகாது, இடம் மாறும். அடுப்புச் சூடு அணுவை ஒன்றும் செய்யாது; 30 ஆண்டு அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகும் காலம்) அப்படியேதான். குழம்பு வைத்தால் யாராவது நீரைக் கொட்டுவார்களா? ஜப்பானியரின் மிசோ சூப்பும் அதே கதை. வறுத்தால் நீர் வற்றி 100 கிராம் துண்டு 70 கிராம் ஆகும், சீசியம் குறையாது. கிலோவுக்கான பெக்கரல் (கதிரியக்கத்தின் அலகு) எகிறும்.

நெய்தல்: எகிறட்டும், தட்டில் விழும் மொத்தம் கூடவில்லையே! 2012 ஏப்ரல் முதல் ஜப்பானில் உணவில் சீசியத்துக்கான வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். வரம்பைத் தொட்ட மீனையே தினம் 200 கிராம் வருடம் முழுக்கத் தின்றாலும் 7,300 பெக்கரல், பெரியவருக்கு சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரளவின் அலகு). அதிலும் பாதி செரிக்காமல் மலத்தோடு போய்விடும்.

அளவுகோல்: கணக்கு சரி, கடைசி வரி தப்பு. சீசியத்தைக் குடல் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சும். பொட்டாசியம் போகிற வழியிலேயே தசைக்குள் போய், பிறகு பெரும்பாலும் சிறுநீரில் மெல்ல வெளியேறும். பாதி குறையவே சுமார் மூன்று மாதம். செரிக்காமல் போவது புளூட்டோனியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள். 10,000-ல் 5 பங்குதான் உள்ளே நுழையும்.

முள்ளெலும்பு: சீசியத்தை விட்டால் வேறில்லையா? ஸ்ட்ரான்சியம்-90 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் முள்ளில் சேரும். புளி ஊற்றிக் குக்கரில் முள் கரைய வேகவைத்தால், ஒதுக்கவேண்டியதையும் சேர்த்து விழுங்குகிறீர்கள். பொலோனியம்-210 என்ற கதிரியக்கப் பொருளோ இயற்கையிலேயே கடலில் இருப்பது. மட்டி, சிப்பியின் செரிமானச் சுரப்பியில் குவியும். நாமோ மட்டியைக் குடலோடு தின்கிறோம். பொலோனியத்தில் பாதி உறிஞ்சப்படும், பெக்கரலுக்குப் பெக்கரல் சீசியத்தைவிட 90 மடங்கு கதிரளவு. புரதத்தோடு ஒட்டியிருப்பதால் கொதிநீரில் சுலபமாக இறங்காது. மீனில் குடலை எடுத்தாலே பெரும்பகுதி ஒழியும்.

நெய்தல்: 2023 ஆகஸ்ட் 24 முதல் ஃபுகுஷிமா உலையிலிருந்து கடலில் விடும் நீரில் உள்ள ட்ரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்)? கொதித்தால் ஆவியாகாதா?

அளவுகோல்: நீரோடு நீராகத்தான் ஆவியாகும், மிச்ச நீரிலும் விகிதம் கிட்டத்தட்ட அதே. ஆனால் உடலில் பத்து நாளில் பாதி போய்விடும். ஒரு பெக்கரலுக்குச் சீசியம் தருவதில் சுமார் 700-ல் ஒரு பங்கு.

நெய்தல்: அப்படியானால் ஃபுகுஷிமாவைவிட சந்தை மட்டிக்குத்தான் பயப்படவேண்டும் போல!

அளவுகோல்: 2023 மே மாதம் அந்த அணு உலைத் துறைமுகத்துக்குள் பிடித்த கருப்புப் பாறைமீனில் கிலோவுக்கு 18,000 பெக்கரல். அது விற்பனைக்கு வராது, சரி. உங்கள் முறைப்படி வேகவைத்துப் பாதியைக் கொட்டினாலும் மிச்சம் 9,000.