பட்ஜெட்டில் கோடிகள், கல்லூரியில் ஃபீஸ் சலான்: எந்தத் திட்டம் யாருக்குச் செல்லும்?

காவிரிக்கரை:
6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண். அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.காம். கிடைத்திருக்கிறது, ஆனால் ஷிஃப்ட் 2, அதாவது செல்ஃப் (அரசு நிதி வராத சுயநிதிப் பிரிவு). வீட்டில் முதல் பட்டதாரி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீடு, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் மூன்றையும் சொல்லிப் பார்த்தும் முழுக் கட்டணமும் கட்டச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் உயர்கல்விக்கு ஒதுக்கும் பணம் எங்கே போகிறது?

மானியக்கோரிக்கை20:
மூன்றில் இவருக்குச் செல்வது புதுமைப் பெண் மட்டும்தான்.

7.5% என்பது மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். முதல் பட்டதாரி சலுகையும் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில் தொழிற்படிப்பு எடுப்பவர்களுக்கே. பி.காமுக்கு இரண்டும் இல்லை.

பணம் எங்கே என்பதற்கு: பட்ஜெட்டில் ஒவ்வொரு துறையின் செலவும் ஒரு மானியக் கோரிக்கையாக வரும், உயர்கல்வித் துறையுடையது எண் 20. அதில் பெரும்பகுதி சம்பளம். உங்கள் கல்லூரியில் ஷிஃப்ட் 1 ஆசிரியர் சம்பளம் அங்கிருந்து வருகிறது. ஷிஃப்ட் 2-க்கு ஒரு ரூபாய்கூட வராது. மாணவர் கட்டும் கட்டணம்தான் அந்தப் பிரிவின் வருமானம். ஒரே வளாகம், ஒரே பாடத்திட்டம், இரண்டு விலை. இதைத் தொடாமல் எத்தனை உதவித்தொகை அறிவித்தாலும் சலான் குறையாது என்பது என் கருத்து.

புதுமைப் பெண் பணம் 20-இல் இல்லை, சமூக நலத் துறையில் இருக்கிறது. காரணம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலிக்குத் தங்கம் கொடுத்த திட்டத்தைத்தான் 2022-23 பட்ஜெட்டில் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். ஒதுக்கீடு 698 கோடி. மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000 என்று வகுத்தால் சுமார் 5.8 லட்சம் பேர். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனுக்கு 2024-25-இல் 360 கோடி, அதாவது 3 லட்சம் பேர். பட்ஜெட் உரையைக் கேட்கும்போது இப்படி வகுத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு புத்தகத்தில் ‘திருத்த மதிப்பீடு’, அதற்கடுத்த ஆண்டு ‘கணக்கு’ என்ற பத்திகளையும் பாருங்கள். உரையில் வருவது மதிப்பீடு, செலவானது ‘கணக்கு’ப் பத்தியில்தான் தெரியும்.

நோடல்_மேசை:
1,000 ரூபாய் கல்லூரிக்குப் போகாது, மாணவி கணக்குக்கு வரும். ஆகவே கவுன்ட்டரில் கழிக்கச் சொன்னால் கழிக்க மாட்டார்கள்.

சேர்ந்ததும் கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் எமிஸ் எண் (பள்ளியில் தந்த மாணவர் அடையாள எண்), ஆதார், மாற்றுச் சான்றிதழ், பாஸ்புக் நகல் கொடுங்கள். அவர் யூ.எம்.ஐ.எஸ். என்ற கல்லூரி மாணவர் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் சிக்குவது இரண்டு இடத்தில்.

ஒன்று, பெயர். ஆதாரில் இன்ஷியல் விரித்து எழுதியிருக்கும், பள்ளிச் சான்றில் ஒற்றை எழுத்து.

இரண்டாவதுதான் அதிகம். பாஸ்புக்கில் ஆதார் எண் பதிந்திருந்தால் போதாது, டி.பி.டி.க்காக (அரசுப் பணம் நேராகக் கணக்கில் சேர) என்.பி.சி.ஐ. என்ற தேசியப் பணப்பரிமாற்ற அமைப்பில் சீடிங், அதாவது ஆதார்-வங்கி இணைப்பு, ஆகியிருக்க வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான், அதுவும் கடைசியாகச் சீடிங் செய்த வங்கி. நடுவில் அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கியிருந்தால் பணம் அங்கே விழுந்துகொண்டிருக்கும். வரவில்லை என்று இங்கே புகார் எழுதுவோம். மை ஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும்.

காவிரிக்கரை:
நன்றிங்க. ஆதிதிராவிடர் சமூகச் சான்றிதழ் இருக்கிறது. வருமானம் 2.5 லட்சத்துக்குள். அதனால் ஏதாவது மாறுமா?

மானியக்கோரிக்கை20:
அதை முதலில் சொல்லியிருக்கலாமே! பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதி உண்டு, சுயநிதிப் பிரிவுக்கும் சேர்த்து. இந்தக் கட்டண உதவி பற்றிய 2012-இன் அரசாணை 92-ஐக் கல்லூரி அலுவலகத்தில் எண் சொல்லியே கேளுங்கள். மேனேஜ்மென்ட் கோட்டா என்று பதிந்துவிட்டால் மட்டும் சிக்கல், சேர்க்கைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள்.

இந்த உதவித்தொகையில் பங்கு மத்திய அரசு 60%, மாநிலம் 40%. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்தியப் பங்கு வரும், அதுவும் நேராக மாணவி கணக்குக்கு. பணம் இரண்டு தவணையாக வரலாம். வந்ததைக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டி ரசீது வாங்கி வையுங்கள். பாக்கி நின்றால் ஹால் டிக்கெட் நேரத்தில் பேச்சு வரும். இ-சேவையில் வருமானச் சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.