ஸ்பிரிங் கமராவை செக்கனுக்கு 25 பிரேம் வேகத்தில் சீராக ஓட்ட உதவி தேவை
வணக்கம். வெள்ளவத்தையில் அம்மம்மா தாலாட்டுப் பாடுவதை 16 மி.மீ. பிலிமில், குரலோடு சேர்த்துப் பதிய வேண்டும். அவருக்கு வயது 84, தள்ளிப்போட மனமில்லை.

என் கமரா சாவி கொடுத்து ஓடுவது. ஸ்பிரிங் தளரத் தளர வேகம் மாறுகிறது. தனியாகப் பதிந்த குரலோடு உதடு பொருந்தவில்லை. வேகம் மாறாமல் சீராக ஓட்டும், கிறிஸ்டல் கட்டுப்பாடுள்ள மோட்டர் பூட்ட நினைக்கிறேன். செக்கனுக்கு சினிமாவின் வழக்கமான 24 அல்ல, சரியாக 25 பிரேம் (தனித்தனிப் படம்) வேண்டும். நம் வீடியோவும் 25 என்பதால் பிலிமை வீடியோவாக மாற்றும்போது பிரேமுக்குப் பிரேம் பொருந்தும். நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்கும் படத்தில் மினுங்காது. 24இல் எடுத்து 25இல் ஓட்டினால் பாட்டு 4 சதவீதம் வேகமாகி, குரலும் மேலேறிவிடும். அம்மம்மாவின் குரல் அப்படி மாறக்கூடாது.

கொழும்பில் இதைப் பொருத்தித் தரக்கூடியவர் யாரையாவது தெரியுமா? பழைய மோட்டரை இரவல் தந்தாலும் போதும், பத்திரமாகத் திருப்பித் தருவேன்.