பேட் பி-யும் டாக் டி-யும் ஒரே சொல்லில் வரும் ஆங்கிலச் சொற்களை எப்படித் தேடுவது?

ஆறரை வயதின் அம்மா:

என் மகள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் பி-யையும் டி-யையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். தமிழில் இதைக் கேட்பதே ஒரு பாடு, பி என்றால் எந்த பி? அதனால் எங்கள் வீட்டுப் பெயர்களையே இங்கும் வைத்துக்கொள்கிறேன்: பேட் பி, டாக் டி, பென் பி. வட்டத்துக்கு இடப்பக்கம் கோடு நின்றால் பேட் பி, வலப்பக்கம் நின்றால் டாக் டி. பெரிய எழுத்தில் அவளுக்குத் தடுமாற்றமே இல்லை.

இரண்டும் சேர்ந்து வரும் சொற்களைத் தினம் ஐந்து எழுத வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். படுக்கை பெட், பேர்ட், பிரெட், பாடி, போர்டு, பிளட், பிளேடு என்று போய் பதினொன்றில் நின்றுவிட்டது. சொல் தேடித் தரும் தளம் ஒன்றில் இரண்டு எழுத்தையும் தட்டினேன். அப்டமன், அப்டக்ட், சப்டியூ, லாம்டா என்று வந்தது. ஆறரை வயதுக்கு லாம்டாவா! இன்னொரு தளம் ‘சொல் எதுவும் இல்லை’ என்றது. மூன்றாவது தளம் பன்னிரண்டு, பதின்மூன்று எழுத்துச் சொற்களாக மூட்டை மூட்டையாகக் கொட்டியது.

எனக்கு வேண்டியது சின்னச் சொற்கள். பென் பி-யும் க்யூ-வும் அதில் வரக் கூடாது, அவையும் இதே வட்டமும் கோடும்தான். கணினியில் பெரிய பழக்கம் இல்லை.

வரிவடிகட்டி:

மூன்று தளமும் தப்பு செய்யவில்லை, ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கின்றன. முதல் தளம் இரண்டு எழுத்தும் ஒட்டி வரும் சொற்களைத் தேடியது. அப்டமனில் பேட் பி-க்கு அடுத்ததே டாக் டி, பாருங்கள். இரண்டாவது, நீங்கள் கொடுத்த எழுத்துகளை மட்டுமே வைத்துச் சொல் கட்டப் பார்த்தது. அது ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கானது, கையில் உள்ள ஏழு கட்டையில் என்ன தேறும் என்பது அவர்கள் கவலை. உயிரெழுத்தே இல்லாத இரண்டு கட்டையில் என்ன தேறும்? மூன்றாவதுதான் உங்கள் கேள்வி: எங்கே வந்தாலும் சரி, இரண்டும் இருக்க வேண்டும். அதில் நீளத்தை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும்.

நிரல் தெரியாது என்றால் எக்செல் போதும். ஒரு சொற்பட்டியலை ஒரே நெடுவரிசையில் ஒட்டுங்கள். கஸ்டம் ஃபில்டரில் இரண்டு நிபந்தனை போடலாம்: ‘கண்டெய்ன்ஸ்’ பேட் பி, ‘கண்டெய்ன்ஸ்’ டாக் டி. நடுவில் ‘அண்ட்’ இருக்கட்டும். ‘ஆர்’ போட்டால் ஏதாவது ஒன்று இருக்கும் சொல்லெல்லாம் வந்து நிற்கும். வந்ததை வேறு தாளுக்கு மாற்றி, ‘டஸ் நாட் கண்டெய்ன்’ என்று பென் பி-யையும் க்யூ-வையும் தள்ளுங்கள். பக்கத்து நெடுவரிசையில் லென் என்ற சூத்திரம் போட்டால் எழுத்து எண்ணிக்கை கிடைக்கும்.

நான் செய்வது கிரெப். கேட்ட எழுத்து உள்ள வரிகளை மட்டும் பொறுக்கித் தரும் சின்ன நிரல், கென் தாம்சன் 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதியது, இன்றும் அப்படியே உழைக்கிறது. ஒரு எழுத்துக்கு ஒரு வடிகட்டி என்று வரிசையாகக் கோத்துவிடுவேன். மேக்கில் சொற்பட்டியலும் கூடவே வருகிறது. ஆனால் அது 1934-இல் வந்த வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது, 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் சொற்கள். பாதிக்கு மேல் நானே கேள்விப்பட்டதில்லை. குழந்தைக்கு அதைக் காட்டாதீர்கள்.

முதல்வகுப்பு டீச்சர்:

பட்டியல் எவ்வளவு பெரியது என்பதை விடுங்கள், உங்கள் ஏழு சொல்லையும் திரும்பப் பாருங்கள். ஏழிலும் பேட் பி முதலில், டாக் டி பின்னால். இது தற்செயல் இல்லை. இறந்தகால வினைகள் பெரும்பாலும் டாக் டி-யில் முடிவதால், எந்தப் பட்டியலை வடித்தாலும் இந்த வரிசைதான் மலிந்து கிடக்கும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ‘முதலில் வருவது பேட், அப்புறம் வருவது டாக்’ என்று பிடித்துக்கொள்வார்கள், வடிவத்தைப் பார்க்கவே மாட்டார்கள். என் வகுப்பில் ஒரு பையன் இரண்டு வாரம் என்னை இப்படித்தான் ஏமாற்றினான்.

அதனால் டாக் டி முந்தி வரும் சொற்களைத் தனியாகத் தேடுங்கள். ஒன்லுக் போன்ற தளத்தில் நட்சத்திரக் குறி, டாக் டி, நட்சத்திரம், பேட் பி, நட்சத்திரம் என்று தட்டினால் போதும். நட்சத்திரம் என்றால் அந்த இடத்தில் எத்தனை எழுத்தும் வரலாம். டபுள், டவுட், டஸ்ட்பின், டோர்பெல், ஹேண்ட்பேக் எல்லாம் அப்படி வருபவை. கார்ட்போர்டு இன்னும் நல்லது, டாக், பேட், மறுபடி டாக். பெட்பக் அதற்கு நேர்மாறு. மூட்டைப்பூச்சி என்று சொன்னதும் என் பிள்ளைகள் மறக்கவே இல்லை!

எட்வர்ட் டோல்ச் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1936-இல் வெளியிட்ட தொடக்கப் படிப்புச் சொற்கள் 220. கூடவே தனியாக 95 பெயர்ச்சொற்கள் உண்டு. அந்த 95-இல் இரண்டு எழுத்தும் உள்ளவற்றை எண்ணினேன்: பெட், பேர்ட், பேர்த்டே, பிரெட், குட்பை. அவ்வளவுதான், அதிலும் டாக் டி முந்துவது குட்பை மட்டும். நீங்கள் பதினொன்றில் நின்றதற்கு வருத்தப்படவே வேண்டாம்.

ஏலம் கேட்பதைச் சொல்லும் மூன்றெழுத்து ‘பிட்’டைச் சோதனைக்கு வைக்காதீர்கள். சொல் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதினாலும் அதேதான் வரும்.

கண்ணாடிக்காரன்:

டீச்சர் சொல்வதில் எனக்கு ஒரு மாறுபாடு. இரண்டையும் ஒரே சொல்லில் திணிப்பது பிறகு ஆகட்டும். என் தம்பிக்கு முதலில் பேட் பி மட்டும் பத்து நாள், பிறகு டாக் டி பத்து நாள். அப்புறம் ஒரெழுத்து மாறினால் பொருள் மாறும் ஜோடிகள்: பிக், டிக். பார்க், டார்க். பம்ப், டம்ப். (கடைசி ஜோடியில் பென் பி வருகிறது, உங்கள் விதிப்படி வெட்டிவிடுங்கள்.)

ஆறரை வயதின் அம்மா:

ரொம்ப நன்றி, டீச்சர் சொன்னதைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அவள் மூன்று நாளாகத் தப்பே இல்லாமல் எழுதுகிறாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்று டபுள் கொடுத்தேன். முதலெழுத்தே பேட்.

எக்செல் வழி எனக்குக் கைவந்துவிட்டது, ஒரு தடவை ‘ஆர்’ போட்டு மாட்டிக்கொண்டதோடு சரி. பிக், டிக் ஜோடிகளை இந்த வாரம், கார்ட்போர்டும் மூட்டைப்பூச்சியும் அடுத்த வாரம்.

அது முடிந்தால் பென் பி-யும் க்யூ-வும் பாக்கி. இரண்டும் வரும் சொல்லாக இதுவரை எனக்குத் தேறியது எக்விப், ஒப்பேக், பல்லில் படியும் பிளாக். இதைவிட எளிதாக ஏதாவது இருக்கிறதா?