மறு: பெம்பிகஸ் துண்டுப்பிரசுரம் – இன்னும் சொல் முடிவாகவில்லை

மாஸ்ரருக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். பெம்பிகஸ் என்ற தோல் நோய் பற்றி நோயாளர் வீடுகளுக்கு நாங்கள் அச்சிடும் துண்டுப்பிரசுரத்தில், அந்த நோய்க்கு எந்தத் தமிழ்ச்சொல்லைப் போடுவது என்பதற்கு என் பதில் இது.

> கொப்புள நோய் என்று போடுங்கோவன். எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணை, வேறு நோயாக விளங்கும். எங்கள் ஊரில் கொப்புளம் என்றதும் தொற்றுகிற கொப்புளிப்பான்தான் (சின்னம்மை) நினைவுக்கு வரும். என் பெரியம்மாவின் பேரனுக்கு 23 வயது. முதலில் வாய்க்குள் புண். சோறு விழுங்க முடியவில்லை. பிறகு நெஞ்சிலும் முதுகிலும் தொளதொளத்த கொப்புளங்கள், சட்டை உரசினாலே உடைந்தன. வீட்டில் தனிக் கோப்பை, தனிப் பாய், தலைமாட்டில் வேப்பிலை. இரண்டு மாதம் ஒருவரும் அவன் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை. அவனுக்கு வந்தது பெம்பிகஸ். அது தொற்றவே தொற்றாது.

மாஸ்ரர் சொன்ன 'பொக்குளம்' அழகான சொல். தசை–சதை போல இதுவும் கொப்புளத்தில் எழுத்து இடம்மாறி வந்த சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிரேக்கத்தில் பெம்பிக்ஸ் என்றாலும் கொப்புளம்தான் என்று, அதைப் 'பொங்கு' வேரோடு முடிச்சுப்போடவே நான்கு மடல்கள் போய்விட்டன. கிளினிக் வாங்கிலில் இருக்கிற தாய் பொக்குளத்தை அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். பெம்பிகஸ் போலத் தோன்றும் இன்னொரு நோயான பெம்பிகொயிட்டுக்குப் 'பொக்குளப்போலி' இன்னும் மோசம். என் பிள்ளை நடிக்கிறானா என்று கேட்பார்.

இரண்டையும் பிரிப்பது, தோல் எங்கே பிளக்கிறது என்பதுதான். பெம்பிகஸில் மேற்றோலுக்குள்ளேயே, அதாவது தோலின் மேலடுக்குக்குள்ளேயே, கலங்கள் (உயிரணுக்கள்) ஒன்றைவிட்டு ஒன்று கழல்கின்றன. அதனால்தான் கொப்புளம் அவ்வளவு மெல்லியது. பெம்பிகொயிட்டில் மேற்றோலுக்குக் கீழே பிளக்கும். கொப்புளம் இறுகி நிற்கும். கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோலில் சிறு துண்டெடுத்து ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால், முன்னது மீன்வலை போலத் தெரியும், பின்னது ஒற்றைக் கோடாகத் தெரியும். ஆகவே 'மேற்றோற் பிளவு நோய்', 'மேற்றோலடிப் பிளவு நோய்'. மேற்தோல் என்று எழுதலாமா என்ற சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. கிருமி போன்ற பிறபொருளைத் தாக்க உடல் ஆக்குவது என்று பாடநூலில் படித்த 'பிறபொருளெதிரி' (antibody) இங்கே தாக்குவது நம் சொந்தப் புரதத்தை. 'தன்பொருளெதிரி' என்று மாற்றியிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்ததைத் தம்பி நினைவூட்டியது சரி. ஆனால் அவர் சொல்லாக்கியது மருத்துவ மாணவருக்கு. இதை வாசிக்கப்போவது பயந்துபோன வீடு.

வெள்ளி காலை அச்சகத்துக்குப் போகிறது. தலைப்பில் 'பெம்பிகஸ்', கீழே 'மேற்றோற் பிளவு நோய் – தொற்றாது'. ஐந்து பேர் சரி என்றுவிட்டார்கள். மாஸ்ரர், பொக்குளத்தைப் பின்பக்கச் சொற்பட்டியலில் போடுகிறேன். முன்பக்கத்தில் போடமாட்டேன்.